மாடியில் ஒரு மூன்றாம் வகுப்பு

ஜூலை 1, திங்கள்

இன்று பள்ளி திறந்தோம். மாணவி ஒருத்தி, ஆசிரியை ஒருத்தி. இடம்: தூத்துக்குடி, பார்சல் ஆபீஸ் மாடியில் எங்கள் வீட்டு முன்னறை. காலை ஒன்பது மணிக்குப் பித்தளை மணியை அடித்தேன். கீழே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஐஸ் வண்டி வந்துவிட்டதென்று தெருவை எட்டிப் பார்த்தார்களாம். என் வீட்டுக்காரர் செல்வின் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த பார்சல் ஆபீஸில்தான் அவர் புக்கிங் கிளார்க். அவருக்குச் சிரிப்பு வரும், எனக்கு வரவில்லை.

இது பள்ளியில் கொடுத்த பாடக்குறிப்பு நோட்டு. நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டம் போட்டிருக்கும். பதினோரு வருடப் பழக்கம், குறிப்பு எழுதாமல் பாடம் எடுத்தால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. கட்டத்துக்குள் அடங்காததைப் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

ஜெரிஷாவுக்கு எட்டு வயது. கணக்கை மனதிலேயே போடுவாள். ஒருமுறை கேட்டதைத் திருப்பிச் சொல்வாள். ஆனால் வாசிக்க வராது. இரண்டு வருடம் படத்தைப் பார்த்தும் பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் கேட்டும் ஒப்பேற்றியிருக்கிறாள். அதே பள்ளியில் ஆசிரியையாக இருந்த நான், பெற்றவள், கண்டுபிடிக்கவில்லை. இந்த ஜூனில் மூன்றாம் வகுப்பு பி பிரிவுக்கு வந்ததும் சாயம் வெளுத்துவிட்டது. பி பிரிவுக்கு நான்தான் வகுப்பாசிரியை.

போன மாதம் அங்கே நடந்ததை எழுதப்போவதில்லை. பள்ளி அவளுக்குச் சரிப்படவில்லை, நிறுத்திவிட்டோம். நானும் வேலையை விட்டுவிட்டேன். அவ்வளவுதான்.

செல்வின் கெடு வைத்திருக்கிறார். "நவம்பர் கடைசி வரைக்கும் பாப்போம் கிளாடிஸ். அதுக்குள்ள ஒரு பக்கம் தடுக்காம வாசிச்சிட்டாள்னா ஒன் இஷ்டம். இல்லைன்னா அக்காகிட்ட விட்டுருவோம். அப்போ நீ மூஞ்சியத் தூக்கக் கூடாது." அவருடைய அக்கா மேர்சி மதினி பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி விடுதியின் வார்டன். நல்லவர்தான். ஆனால் என் பிள்ளை அறுபது பிள்ளைகளோடு ஒரு ஹாலில் படுத்துத் தூங்குவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

வீட்டிலேயே படிக்கவைக்கும் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். முதல் வேலை, பிள்ளை எப்படிக் கற்கிறது என்று கண்டுபிடிப்பதாம். கண்ணாலா, காதாலா, கையாலா? இருபத்தோரு கேள்விகள் அனுப்பினார்கள். நானே பதில் எழுதி நானே திருத்தினேன். கண் 7, காது 7, கை 7.

மறுபடி எழுதிப் பார்த்தேன். அதே ஏழுதான்.

ஜூலை 5, வெள்ளி

முதல் இரண்டு வாரம் கண். நாற்பது படஅட்டைகள் செய்தேன். படத்தை மறைத்தால் ஒரு வார்த்தையும் வாசிக்க வரவில்லை.

"மிஸ்னு கூப்பிடணுமா, அம்மான்னு கூப்பிடணுமா?" என்று கேட்டாள். பள்ளியில் ஆசிரியைகளின் பிள்ளைகளும் அம்மாவை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். ஒன்பதிலிருந்து மூன்றரை வரை மிஸ், அதற்கப்புறம் அம்மா என்றேன். அதிலிருந்து ஒன்பது முதல் மூன்றரை வரை என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

ஜூலை 19, வெள்ளி

இது காதுக்கான வாரம். பாட்டாகச் சொன்னேன், கைதட்டிச் சொன்னேன். நான்கு பக்கப் பாடத்தை இரண்டே நாளில் ஒப்பித்தாள். விரலை வைத்து வாசிப்பது போலவே ஒப்பித்தாள். சந்தோஷத்தில் செல்வினைக் கூப்பிடப் போனேன். அப்போதுதான் பார்த்தேன், விரல் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, வாய் நாலாம் பக்கத்தில் இருக்கிறது. என்னை ஏமாற்றுகிறாளா என்று கோபம் வந்தது. கோபத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்சம் காட்டியிருப்பேன்.

சாப்பிடும்போது செல்வின் ஆரம்பித்தார். "அந்த ஹெச்.எம்.மை ஒரு நா நேர்ல பாத்து நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கணும். பச்சப்பிள்ளையப் போயி ஒண்ணாங்கிளாஸ்ல கொண்டு உக்கார வச்சிருக்காளே."

"விடுங்க அத்தான். முடிஞ்சுபோன கத" என்றேன்.

எங்கள் பள்ளியில் அது வழக்கம். மூன்றாம் வகுப்பு மாடியில், ஒன்றாம் வகுப்பு கீழே. வாசிக்கத் தெரியாத பிள்ளையைப் பையோடு கீழே அனுப்புவார்கள். அந்தச் சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, எழுத்து எழுதிவிட்டு, சொல்லும்போது மேலே வர வேண்டும். ஜெரிஷாவையும் மூன்று நாள் கீழே அனுப்பினார்கள். செவ்வாய், புதன், வியாழன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து காலையில் யூனிஃபார்மைப் பார்த்தாலே வாந்தி எடுத்தாள்.

ஹெச்.எம். உத்தரவு என்று செல்வின் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் அப்படிச் சொன்னேனா என்று ஞாபகமில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

பனிமய மாதா கோயில் திருவிழா. ஊருக்கே உள்ளூர் விடுமுறை, எங்கள் பள்ளிக்கும் விட்டேன். ஜெரிஷா காலையிலிருந்து கீழே அப்பாவோடு. நான் இட்லித் துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டேன். வீடு நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

கை. மணலில் எழுதினோம், களிமண்ணில் உருட்டினோம். இன்று முறுக்கு மாவில் எழுத்துகளைப் பிழிந்து எண்ணெயில் போட்டேன். 'அ' உடைந்துவிட்டது. 'ழ' நன்றாக வெந்தது. என்ன எழுத்தென்று சொல்லிவிட்டுத் தின்ன வேண்டும் என்பது விதி. சொல்லாமல் எல்லாவற்றையும் தின்றுவிட்டாள்.

குழுவில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி தன் ஆறு வயது மகன் கடிதம் எழுதிய படத்தைப் போட்டிருந்தாள். நாற்பது பேர் பூங்கொத்து அனுப்பியிருந்தார்கள். நானும் ஒன்று அனுப்பிவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

வருகைப் பதிவேடு பார்த்தேன். போன மாதம் பிற்பகலில் பதினோரு நாள் ஆப்சென்ட். சாப்பிட்டுக் கை கழுவியதும் படியிறங்கிவிடுகிறாள். கூப்பிட்டால், "அப்பாவுக்கு டிக் அடிக்கப் போறேன்" என்கிறாள்.

செல்வினைக் கேட்டேன். சாயங்கால லாரிக்கு ஏற்றுகிற சரக்குக்கு லிஸ்ட் போடுவார்கள், கார்பன் வைத்து இரண்டு காப்பி. ஒருவர் ஒரு காப்பியை உரக்க வாசித்துக் கூப்பிட, இன்னொருவர் மற்றக் காப்பியில் சரிபார்த்து டிக் அடிக்க வேண்டும். கூடவே இருந்த கிளார்க் கண் ஆபரேஷனுக்காக லீவில் இருக்கிறார். அதனால் இவர் கூப்பிட, ஜெரிஷா டிக் அடிக்கிறாள்.

"அவளுக்கு என்ன தெரியும்?"

"நம்பரப் பாத்து அடிக்கா. அவளுக்கு ஒரு வெளையாட்டு. விடேன்."

ஒரு பக்கம் பிள்ளையின் எதிர்காலம் போய்க்கொண்டிருக்கிறது, இன்னொரு பக்கம் வெளையாட்டு. பேசிப் பயனில்லை.

செப்டம்பர் 14, சனி

மேர்சி மதினி போனில் கேட்டார். "கிளாடிஸ், சும்மாதான் கேக்கேன். ஜனவரிக்கு ஒரு சீட்டு ஒதுக்கி வச்சிருக்கேன். வைக்கட்டா, குடுத்துரட்டா?"

"வைங்க மதினி" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லத்தான் போனை எடுத்தேன்.

செப்டம்பர் 28, சனி

தலைவலி. பாடம் இல்லை.

அக்டோபர் 9, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு ஜெரிஷாவைப் பிடித்துக்கொண்டு வரலாம் என்று கீழே இறங்கினேன். பாதிப் படியில் அவள் குரல் கேட்டது. என்னிடம் பேசுகிற குரல் இல்லை. நல்ல கனமான குரல்.

செல்வின் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "நாசரேத், ஜவுளி, நாலு. ஆறுமுகநேரி, மோட்டார் சாமான், ரெண்டு. சாத்தான்குளம், எவர்சில்வர், அஞ்சு."

"தப்பு."

"என்னட்டி தப்பு?"

"சாத்தான்குளம் இல்ல. சாயர்புரம். நல்லாப் பாருங்கப்பா."

படியிலேயே நின்றுவிட்டேன். இரண்டு ஊரும் 'சா'வில்தான் ஆரம்பிக்கும். எண்ணைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. படம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. யாரும் முன்கூட்டிச் சொல்லித்தர முடியாது. வாசித்தால்தான் முடியும்.

"ஆமாட்டி, சாயர்புரம்தான். மாத்தி ஏத்திருந்தா நான் தொலஞ்சேன்" என்றார் செல்வின். அவள் சிரித்தாள். அடுத்தது, அடுத்தது என்று ஓடியது. அவர் தவறு விடும்போதெல்லாம் 'தப்பு' என்று ஒரு போடு போடுகிறாள். மனுசன் கொஞ்சமாகவா தவறு விடுகிறார்! பன்னிரண்டு வருடமாக அந்த வேலை பார்க்கிறார்.

நான் கடைசிப் படியில் கால் வைத்ததும் நிறுத்திவிட்டாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நாற்பது அட்டை, நூறு பாட்டு, ஒரு கிலோ முறுக்கு மாவு. கடைசியில் ஒரு லாரி லிஸ்ட்.

அக்டோபர் 10, வியாழன்

கண்டுபிடித்தாகிவிட்டது. கண்ணும் இல்லை, காதும் இல்லை, கையும் இல்லை. எதிரே இருப்பவரும் தப்புவிடலாம், அதைத் தான் பிடிக்கலாம் என்றால் இவள் கற்கிறாள். எந்தக் கேள்வித்தாளிலும் இதற்குக் கட்டம் இல்லை. இனி நேரே பாடத்துக்குப் போக வேண்டியதுதான் என்று குதித்துக்கொண்டு எழுந்தேன்.

பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அவளிடம் கொடுத்தேன். நான் வாசிக்கிறேன், நீ டிக் அடி என்றேன். கண் மின்னியது. முதல் வரியைச் சரியாக வாசித்தேன், டிக் அடித்தாள். இரண்டாம் வரியில் 'மயில்' என்றிருந்ததைக் 'குயில்' என்று வாசித்தேன். அவள் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"நீங்க வேணும்னே தப்பா வாசிக்கீங்க."

"இல்லையே."

"அப்பா நெசமாவே தப்பா வாசிப்பாங்க. நீங்க தப்பே பண்ண மாட்டீங்களே."

தாளை மேசையில் வைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள். மணி அப்போது பத்தே கால்.

அக்டோபர் 21, திங்கள்

பத்து நாளாக முயற்சி செய்கிறேன். வேகமாக வாசித்தால் தானாகத் தப்பு வரும் என்று வேகமாக வாசித்தேன். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்தேன். அப்போதும் வரவில்லை. சரியாக வாசிப்பதற்குத்தானே பதினோரு வருடம் சம்பளம் வாங்கினேன்.

நான் தப்பு செய்து இவள் பார்த்ததே இல்லையா? பார்த்திருக்கிறாள்.

பருப்பு தீய்கிற வாசம் வருகிறது. போகிறேன்.

நவம்பர் 2, சனி

மழை. லாரி கிளம்பவில்லை. செல்வின் சீக்கிரமே மேலே வந்தார். ஜெரிஷா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா? எனக்கு வாசிக்கா. ஒனக்கு ஏன் வாசிக்க மாட்டேங்கா?"

"பழகலை."

"எங்கிட்ட மட்டும் என்ன பழக்கம்? ஒங்கூடத்தான் பிள்ள ஸ்கூலுக்கே வந்துச்சு. ஒரே வண்டியில போயி ஒரே வண்டியில வருவிய."

துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டுவிட மாட்டாரா என்று ஒரு நிமிடம் ஏங்கினேன். அடுத்த நிமிடமே கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

நவம்பர் 16, சனி

"லிஸ்ட் வாசிக்கது வேற, புஸ்தகம் வாசிக்கது வேற. அக்கா முன்னால ஒரு பக்கம் வாசிக்கணும். நாளைக்கு ஒரு ஸ்கூல்ல லிஸ்டக் குடுத்தா பரீட்ச வைப்பான்?" என்கிறார் செல்வின். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒத்திகை பார்த்தேன்.

புத்தகத்தைத் திறந்து வைத்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. நான் காத்திருந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன், பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வகுப்பில் எனக்கு அது பழக்கம். மூன்று தட்டு. மூன்றாவது தட்டுக்குள் வாசிக்கவில்லை என்றால் பையை எடுத்துக்கொண்டு...

பென்சிலை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் அப்போதும் வாசிக்கவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

நாளை மதினி வருகிறார். விடுதியில் சேர்க்கிற ஃபாரமும் கொண்டுவருகிறாராம்.

இந்த ஒரு பக்கத்தை எழுதித் தொலைக்கிறேன், யாரும் பார்க்கப்போவதில்லை.

கீழே அனுப்பியது நான். ஹெச்.எம்.முக்கு அன்று அது தெரியவே தெரியாது. செவ்வாய்க்கிழமை வாசிப்பு நேரம். ஜெரிஷாவுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளைக் கீழே அனுப்பியிருந்தேன். இவள் முறை வந்தது, நின்றாள், வாசிக்கவில்லை. மூன்று தட்டு தட்டினேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். ஆசிரியை மகள் என்றால் சலுகை என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு நாள்தான் வழக்கம். என் பிள்ளைக்கு மூன்று நாள் என்றேன். அவள் பையை எடுக்காமல் என்னைப் பார்த்து, "அம்மா" என்றாள். "மிஸ்னு சொல்லு" என்றேன்.

எழுதிவிட்டேன். நெஞ்சு லேசாகும் என்றுதான் எழுதினேன். ஆகவில்லை. ஜெரிஷா இதுவரை அப்பாவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

நவம்பர் 30, சனி

மதினி நாலு மணிக்கு வந்தார். மூட்டுவலி, மாடிப்படி ஏற முடியாது. கீழே பார்சல் ஆபீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். ஜெரிஷாவைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, தலையைத் தடவி, கொண்டுவந்த கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்.

"அத்தைக்கு ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டுட்டி, தங்கம்."

ஜெரிஷா புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. ஐந்து நிமிடம் போயிருக்கும். நான் வேண்டுமானால் மேலே போய்விடட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்டிருந்தால் ஏன் என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள். கேட்கவில்லை.

"சரி விடு. பிள்ளையப் பயமுறுத்த வேண்டாம். ஃபாரத்த எழுதிருவோம்" என்றார் மதினி. செல்வின் கார்பன் தாளை எடுத்துக் கொடுத்தார். பள்ளிக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, இரண்டு காப்பி வேண்டுமாம்.

நான்தான் எழுதினேன். பெயர், பிறந்த தேதி, முகவரி, எல்லாம் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு கேள்வி: முந்தைய பள்ளியிலிருந்து விலகக் காரணம். மதினி பார்த்துக்கொண்டிருந்தார், செல்வினும் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வினுக்கு இத்தனை நாள் தெரிந்திருந்த காரணத்தையே எழுதினேன். நேற்று இந்த நோட்டில் என்ன எழுதினேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் எழுதினேன்.

செல்வின் கார்பன் காப்பியைப் பிரித்து எடுத்தார். "இங்க ரெண்டு காப்பின்னா கூப்பிட்டுப் பாக்காம வெளிய போகாதுக்கா" என்று அக்காவிடம் வேடிக்கை போலச் சொன்னார். குரலில் வேடிக்கை இல்லை. காப்பியை ஜெரிஷாவிடம் நீட்டினார். "அம்மா கூப்பிடுவா. நீ டிக் அடி."

கூப்பிட ஆரம்பித்தேன். பெயர். டிக். பிறந்த தேதி. டிக். தகப்பனார் பெயர், தொழில். டிக், டிக். "தாயார் பெயர், கிளாடிஸ். தொழில், ஆசிரியை."

"தப்பு."

மதினி நிமிர்ந்து பார்த்தார்.

"ஆசிரியைன்னு போடல. இல்லத்தரசின்னு போட்டுருக்கு."

என் காப்பியைப் பார்த்தேன். இல்லத்தரசி என்றுதான் எழுதியிருந்தேன், வாய்தான் பழக்கத்தில் ஆசிரியை என்றுவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. எத்தனை நாள் முயற்சி செய்தும் வராத தப்பு அதுவாக வந்துவிட்டது.

"எட்டி, இந்தப் பிள்ள வாசிக்காளே!" என்றார் மதினி. செல்வின் அவர் கையைப் பிடித்து அமர்த்தினார். "நிறுத்தாத கிளாடிஸ். மேல போ."

அடுத்தது முகவரி. டிக். அடுத்தது அந்தக் கேள்வி. என் குரல் எனக்கே கேட்கவில்லை. "வாசிப்பில் பின்தங்கியதால், தலைமை ஆசிரியையின் உத்தரவின்படி, மாணவி மூன்று நாட்கள் ஒன்றாம் வகுப்பில் உட்காரவைக்கப்பட்டாள்."

பென்சில் தாளுக்கு மேலே நின்றது. டிக் அடிக்கவில்லை.

"தப்பு."

"அப்படித்தானேம்மா எழுதியிருக்கு" என்றேன்.

"எழுதினதே தப்பு. ஹெச்.எம். மிஸ் இல்ல." என்னைப் பார்த்தாள். "நீங்க."

லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள், எனக்குத்தான் ஒரு சத்தமும் கேட்கவில்லை. செல்வின் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடி போனதும் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். 'வகுப்பாசிரியையாக இருந்த தாயார்' என்று தொடங்கி மேலே மாற்றி எழுதினேன். காப்பியிலும் எழுதிக் கொடுத்தேன். மறுபடி வாசித்தேன். "வகுப்பாசிரியையாக இருந்த தாயார், மாணவியை மூன்று நாட்கள் ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தார்."

"தப்பு" என்றாள்.

இப்போது நிஜமாகவே புரியவில்லை. "இன்னும் என்ன தப்பு, ஜெரி?"

"மூணு நாள் இல்ல. நாலு."

"இல்லம்மா. செவ்வாய், புதன், வியாழன். வெள்ளிக்கிழமை நான் உன்னை..." வெள்ளிக்கிழமை நான் வகுப்பிலேயே இல்லை. நாள் முழுக்க ஆபீஸ் ரூமில் பாடப்புத்தகம் வினியோகம். சாயங்காலம் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இன்று எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று கேட்கவில்லை. அதைக் கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இந்த ஐந்து மாதத்திலும் தோன்றவில்லை.

"வெள்ளிக்கிழமையும் கீழதான் இருந்தேன்" என்றாள் ஜெரிஷா. "யாரும் மேல வான்னு சொல்லலையே."

அவள் அழவில்லை. லிஸ்டில் ஒரு மூட்டை குறைகிறது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

இரண்டு காப்பியிலும் மூன்றை அடித்து நான்கு என்று எழுதினேன். வாசிக்க வாயைத் திறந்தேன், வரவில்லை. முதல் வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. மறுபடி முயன்றேன். மறுபடியும் அதே வார்த்தையில் நின்றுவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் தன் காப்பியைத் தூக்கிப் பிடித்து அவளே வாசித்தாள். முழு வரியையும், என் முன்னால், என் காது கேட்க. எங்கேயும் தடுக்கவில்லை. வாசித்துவிட்டு டிக் அடித்தாள்.

மதினி இரண்டு காப்பியையும் வாங்கி நாலாக மடித்துப் பையில் போட்டார். "சீட்டு வேற பிள்ளைக்குக் குடுத்துருதேன்" என்றார். கிளம்பும்போது என் தோளில் கையை வைத்து அழுத்தினார். செல்வின் அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வந்ததும் லாரிக்கான லிஸ்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவில்லை. எத்தனை நாள் திரும்பமாட்டாரோ தெரியாது. அது எனக்கு வேண்டியதுதான்.

நான் மாடிக்கு வந்து விளக்கைப் போட்டேன். உலை வைத்தேன். அரிசி களைந்துகொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஈரக் கையோடு படிக்கு ஓடினேன்.

"ஜெரி! மேல வாம்மா!"

கீழே கூப்பிடுகிற சத்தம் நின்றது. "லிஸ்ட் இன்னும் முடியலம்மா. பாதிதான் ஆயிருக்கு" என்று குரல் கொடுத்தாள்.

சரி என்று சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். உடன்குடி, மளிகை, ஆறு என்றார் செல்வின். தப்பு என்றாள்.